கண்ணகி இருந்த அலமாரி

குமுளியில் ஒரு பள்ளி நூலகத்தைக் கவனித்துவரும் ஆசிரியை நான். பிள்ளைகளின் படிப்புக்கு நூலகமும் அருங்காட்சியகமும் எப்படிக் கைகொடுக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் இடுக்கியிலிருந்தே தொடங்குகிறேன்.

மூணாறைத் தாண்டி, பெட்டிமுடியிலிருந்து 18 கிலோமீட்டர் போலக் காட்டுக்குள் நடந்தால் இடமலைக்குடி. முதுவான் பழங்குடியினர் வாழும் இடம். அங்கே பி.வி. சின்னத்தம்பி என்ற பெரியவர் தன் டீக்கடையிலேயே 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் அதைப் பற்றி எழுதினார். அப்போது உறுப்பினராகச் சேர 25 ரூபாய், பிறகு மாதம் 2 ரூபாய். யார் எதை எடுத்துப்போனார்கள் என்பதற்கு ஒரு பதிவேடு. 2013இல் அதில் 37 புத்தகங்கள் ஏறியிருந்தன. மலையாள எழுத்தாளர்கள் தகழி, பஷீர் வரிசையில் நம் சிலப்பதிகாரமும் இருந்தது, மலையாளத்தில்!

சிலப்பதிகாரம் என்றதும் எனக்கு என் மாணவி ஒருத்தி நினைவுக்கு வருகிறாள். ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள், எட்டாம் வகுப்பு. சித்ரா பௌர்ணமிக்குப் பாட்டியோடு ஜீப்பில் மங்கலதேவி மலைக்குப் போய்வந்தாள். ஆண்டுக்கு அந்த ஒரு நாள்தானே கண்ணகி கோயிலுக்கு நம்மை விடுகிறார்கள்! மறுவாரம் என்னிடம் வந்து, "டீச்சர், மதுரையை எரிச்ச கண்ணகிக்கு நம்ம மலையில எதுக்குக் கோயில்?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. உரைநடையில் எழுதிய சிலப்பதிகாரத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்து, வஞ்சிக் காண்டத்தைக் காட்டினேன். மதுரையை விட்டு மேற்கே நடந்த கண்ணகி வேங்கை மரத்தடியில் நிற்பதும், மலைக்குறவர்கள் அவளைக் கண்டு வியப்பதும் அங்கேதான் வருகிறது. உட்கார்ந்த இடத்திலேயே படித்தாள். "அப்ப அவங்களைப் பார்த்தது நம்மளை மாதிரி மலை ஆளுங்களா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்வியைப் பரீட்சைத்தாளில் யார் கேட்பார்கள், சொல்லுங்கள்? கோயில் கல்லை நேரில் பார்த்த கண்ணுக்கு எழுத்து தானாகவே பிடிபடுகிறது.

அருங்காட்சியகமும் அதே வேலையைத்தான் செய்கிறது. மலையிறங்கினால் லோயர்கேம்ப்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம், 2013இல் திறந்தது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குடித்து வளரும் கம்பம், கூடலூர்ப் பிள்ளைகள் அதை அவசியம் பார்க்க வேண்டும். கீழடி அருங்காட்சியகமும் இருக்கிறது. அதற்கு இன்னொரு நாள் வேண்டும், நேரம் நெருங்கிவிட்டது.

பெற்றோர்களே, இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையின் பெயரிலேயே ஊர் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். எந்தப் புத்தகம் என்பதை அவர்களே எடுக்கட்டும். வாங்கிக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.