புள்ளியா, ஒளியா?

நடுவர் அவர்களே! புள்ளி கூடினால் படம் சிறக்கும் என்று எதிரணித் தம்பி முழங்கினார். என்னிடம் இருப்பது கேனான் ஜி11 டிஜிட்டல் கேமரா. 2008-இல் வந்த ஜி10-க்கு 1 கோடியே 47 லட்சம் புள்ளிகள். 2009-இல் வந்த இதற்கு ஒரு கோடிதான்! (சிரிப்பு)

ஏன் குறைத்தார்கள்? ஒளி வாங்கும் சில்லின் அளவு இரண்டிலும் ஒன்றே. ஒரே வயலில் நாற்றை நெருக்கி நட்டால் கதிர் சிறுக்கும். புள்ளி குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் கூடும்.

வெயிலில் எடுத்துப் பெரிசா அச்சடிக்க ஜி10 நல்லதுங்க, மறுக்கலே. ஆனா நம்ம அம்மா உட்கார்ந்திருக்கிறது மங்கலான கூடத்திலே! அந்த முகத்துல மணல் தூவின மாதிரி படம் விழலாமா? வாங்கும்போது எண்ணிக்கையைக் கேட்காதீங்க; இருட்டிலே ஒரு படம் எடுத்துப் பாருங்க! (கைதட்டல்)