ஆள் சேர்க்கும் வேலைக்குப் போகலாமா?

(அறக்கட்டளையின் வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். பத்து வருடமாக ஜவுளிக்கடையில் விற்பனையாளர். இரண்டு பிள்ளைகள். “பாய், காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு வரை நிற்கிறேன். முழங்கால் போய்விட்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் கூப்பிடுகிறார்கள். ஊரிலேயே இருந்து ஆள் சேர்த்துக் கொடுத்தால் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன். போகலாமா?” என்றார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். இதே கேள்வி நம்மில் பல வீடுகளில் இருக்கிறது.

வேலை மாறுவது தவறில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர்கள். மத்யனுக்குப் போய் ஆடு மேய்த்தார்கள். அந்த வேலை எப்படிக் கிடைத்தது? அல்-கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. தண்ணீர் காட்ட உதவியதைக் கண்ணால் பார்த்த பெண், தன் தந்தையிடம் இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார். வலிமை, நம்பகத்தன்மை என்ற இரண்டையும் காரணமாகச் சொன்னார். தந்தையும் எட்டு ஆண்டு, விரும்பினால் பத்து ஆண்டு என்று காலத்தை முன்கூட்டியே தெளிவாகப் பேசினார். ஆள் சேர்க்கும் தொழிலின் ஒழுங்கு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தெரிந்ததை மட்டும் சொல்வது, நிபந்தனையை முதலிலேயே சொல்வது.

இந்தத் தொழிலில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தருவது. ஓசூரிலும் பெங்களூரிலும் இப்படிப்பட்ட அலுவலகங்கள் நிறைய உள்ளன. விண்ணப்பங்களைப் பிரிப்பது, போனில் பேசுவது, நேர்காணலுக்கு அனுப்புவது, வேலையில் சேரும் வரை விடாமல் தொடர்பு வைத்திருப்பது ஆகியவை அன்றாட வேலை. முறையான அலுவலகத்தில் கட்டணத்தைக் கம்பெனிதான் கொடுக்கும். வேலை தேடுகிறவரிடம் வாங்க மாட்டார்கள். சேர்ந்தவர் ஓரிரு மாதத்தில் நின்றுவிட்டால், வேறு ஆள் தர வேண்டும் என்ற ஒப்பந்தமும் பெரும்பாலும் இருக்கும். அதனால் மாதாமாதம் இலக்கு வைப்பார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி அந்த இலக்கைப் பொறுத்தது. நிலையான சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள்.

இந்த வகை நம்மவர்களுக்கு நல்ல வாய்ப்பு. கடையில் பத்து வருடம் நின்றவருக்கு, வருகிறவர் முகம் பார்த்துப் பேசத் தெரியும். தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் என்று நம் மாவட்டத்து ஆட்கள் மூன்று நான்கு மொழி பேசுவது ஓசூரில் பெரிய தகுதி. கம்ப்யூட்டரில் எக்செல் மட்டும் கூடுதலாகப் பழகிக்கொள்ள வேண்டும். போனில் செய்யும் வேலை என்பதால் நம் சகோதரிகளுக்கும் ஒத்துவரும்.

இரண்டாவது வகை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டது இதற்குத்தான். இங்கே சட்டம் கடுமையானது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்ற ஏஜென்சி மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். ஊருக்கு ஊர் கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் துணை ஏஜென்டுக்கு அதில் இடமே இல்லை. பதிவில்லாமல் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவு பெற்றவரும் வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால் அது சட்டத்துக்கு வெளியே.

2022-இல் நடந்தது நினைவிருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். இப்படி ஏமாறுகிறவர்கள் முகம் தெரியாத கம்பெனியை நம்பிப் போவதில்லை. தெரிந்த ஒருவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் பெரும்பாலும் போகிறார்கள்.

நான் பயப்படுவது இதற்காகத்தான். பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு தாய் நகையை அடகு வைத்துப் பணம் கொடுப்பது, எங்கோ இருக்கும் ஏஜென்சியின் பெயரைப் பார்த்து அல்ல. ஜும்ஆவில் பக்கத்து ஸஃப்பில் நிற்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். பையன் அங்கே மாட்டிக்கொண்டால், அவர் வந்து தட்டுவது உங்கள் வீட்டுக் கதவைத்தான். கமிஷன் செலவாகிவிடும். அமானிதம் மறுமை வரை கணக்கில் நிற்கும்.

எனவே சேருவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். பணம் யார் கொடுக்கிறார்கள், கம்பெனியா, வேலை தேடுகிறவரா? வெளிநாட்டு ஏஜென்சி என்றால் பதிவு எண் என்ன? இ-மைக்ரேட் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புகிறார்களா? வேலைக்குப் போகிறவரின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்களா? இவற்றுக்கு நேரான பதில் வராத இடத்தில் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம்.

வேலை தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. வெளிநாடு என்றால், 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

அந்தத் தம்பி பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார். “அதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று பதில் வந்ததாம். அவர் போகவில்லை. இன்னும் கடையில்தான் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் பழகுகிறார். ஓசூரில் ஒரு அலுவலகத்தில் நேர்காணலுக்குப் போய் வந்திருக்கிறார். அவருக்கும், ஹலாலான ரிஸ்க் தேடும் நம் எல்லோருக்கும் அல்லாஹ் வழியை லேசாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.