வருடைக்குக் கால்கள் எத்தனை?

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூடிக் கவிதை வாசித்துவரும் நம் வட்டத்திற்குப் பத்து வயது நிறைகிறது. ஏரியும் பனையும் கரும்பும் சூழ்ந்த நிலத்தவர் நாம். எனினும் நம் கவியரங்குகளில் மலைக்கும் மானுக்கும் குறைவே இல்லை. கண்டு பாடுகிறோமா, கேட்டதைப் பாடுகிறோமா என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் வினா.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில், இராசமலைச் சரிவில், வரையாடுகளைப் படமெடுக்கச் சென்ற நண்பர்களோடு ஒரு பகல் கழித்தேன். மேலே புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு, இரண்டையும் மூடிமூடித் திறக்கும் மூடுபனி. நிழற்படக்காரரின் வேலையில் பெரும்பகுதி காத்திருத்தலே என்பதை அன்று அறிந்தேன். பனி விலகியபோது பாறை விளிம்பில் ஒரு பெட்டை காவல் நின்றது, மற்றவை மேய்ந்தன. சற்றுத் தள்ளிக் கரும்பழுப்பு நிறக் கிடா ஒன்று. அதன் முதுகில் சேணம் இட்டாற்போல் வெள்ளிநரை படர்ந்திருந்தது. கொம்புகள் பின்னோக்கி வளைந்திருந்தன. திரண்ட உடலுக்குக் கால்கள் குட்டையாகவே தோன்றின.

அந்தக் குட்டைக் கால்களைக் கபிலர் முன்னரே கண்டிருக்கிறார். ஐங்குறுநூற்றுக் குறிஞ்சிப் பகுதியில், உயர்ந்த மலையில் திரியும் வருடையைக் குறுகிய கால்களை உடையது என்கிறார். தினையில் பாயும் கிளிகள் அதைக் கண்டு அஞ்சுவதையும் சொல்கிறார். ஓர் அடைமொழியில் ஒரு விலங்கு முழுமையாக நின்றுவிடுகிறது. ஆனால் பிற்கால நிகண்டு, அகராதி மரபில் அதே சொல்லுக்கு எட்டுக்கால் கொண்ட கற்பனை உயிரி என்னும் பொருளும் ஏறிவிட்டது. மலைக்குப் போனவர் கால்களின் அளவைச் சொன்னார்; ஏட்டிலிருந்து ஏட்டைப் பெயர்த்தவர் கால்களைப் பெருக்கினார். பார்வை நின்ற இடத்தில் சொல்லுக்குக் கால் முளைக்கிறது!

பரிபாடலில் மேடராசிக்கும் வருடை என்னும் பெயர் உண்டு. வரையாடு வெள்ளாட்டைவிடச் செம்மறியாட்டுக்கே நெருங்கிய உறவு என மரபணு ஆய்வு 2005இல் காட்டியதை இத்துடன் வைத்து எண்ணுதல் சுவையானது.

நம் காலத்தில் இத்தகைய பார்வைக்குச் சான்றாக நிற்பவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த காமிராவால், காட்டில், கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவர் தமிழில் எழுதியவை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என நூலாகியுள்ளன. படமும் உரைநடையும் அவருக்கு ஒரே ஒழுக்கத்தின் இரு கிளைகள்.

இது அழகியல் பேச்சு மட்டுமன்று. சீகை, தைலம், தேயிலை என நட்டு மலைப் புல்வெளிகளைப் பெருமளவு இழந்தோம். புல்வெளியை வெற்றுநிலம் என்று எழுதிய கண்களுக்கு அதில் மேய்ந்த உயிர் தென்படவில்லை. தமிழகத்தின் மாநில விலங்காகிய வரையாடு, 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303. கேரளத்தையும் சேர்த்தால் 2,668. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 2022இல் தமிழக அரசு அதன் காப்புக்கெனத் தனித்திட்டம் அறிவித்தது. திட்டம் விலங்கைக் காக்கட்டும். அதன் பெயரை உயிரோடு காப்பது நம் பணி.

அதற்கு எல்லாரும் மலையேற வேண்டியதில்லை. மரக்காணத்தை அடுத்த கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாயிற்று; அங்கு இறங்கும் பறவைகளில் எத்தனைக்கு நம் கவிதையில் பெயர் உண்டு? குறிஞ்சி பாடிய கபிலர் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் கபிலர்குன்று, பக்கத்துத் திருக்கோவலூரில் தென்பெண்ணை ஆற்றிலேயே நிற்கிறது. அவருக்கு அண்டை அயலாராகிய நாம், அடுத்த பத்தாண்டில் ‘ஒரு பறவை’ என்று எழுதும் இடத்திலெல்லாம் எந்தப் பறவை என்று எழுதுவோமாக.