ஒரு சிமெண்டுத் தரை வேண்டும்



பிள்ளைகள் பரிசு வாங்கியதைக் கண்டு மகிழ்ந்தோம். பள்ளி விட்டபின் அவர்கள் எங்கே விளையாடுகிறார்கள்? செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும் பாதையில்! போன மாதம் லோரிக்கு ஒதுங்கிய ஒரு பையன் கால்வாயில் விழுந்தான். முழங்காலோடு போயிற்று. அடுத்த முறை?

திடல் இருக்கிறதே என்பீர்கள். அங்கே அண்ணன்மார் பந்து உதைக்கிறார்கள்; மழை பெய்தால் சேறு. பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

நான் கேட்பது 44 அடி நீளம், 20 அடி அகலத்தில் ஓர் ஆட்டக்களம். சுற்றிலும் ஓடியாடக் கொஞ்சம் இடம். இரட்டையர் பூப்பந்துக்கு அதே அளவுதான். செப்பாக் தக்ராவுக்கும், 1965-ல் அமெரிக்காவில் தோன்றிய பிக்கள்பாலுக்கும் அதே அளவு! வலையின் உயரம்தான் மாறும். பிக்கள்பால் வலை ஓரத்தில் 3 அடிதான். துளையிட்ட பிளாஸ்டிக் பந்து. தாத்தாவும் பேரனோடு ஆடலாம். (நானும் ஆடிப் பார்த்தேன், என் மாணவியிடம் தோற்றேன்.)

நிலத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிர்வாகத்திடம் கேட்கட்டும். மணல் சுமக்க, சிமெண்டு குழைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்கு வாருங்கள். களம் அமைந்ததும், "பொட்டப்புள்ளைக்கு என்னா ஆட்டம்?" என்று மட்டும் தடுக்காதீர்கள். கையெழுத்துத் தாள் பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது.