டோக்கன் கொடுத்த பிறகு வரிசை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



நான் முதலியார்பேட்டைக்காரன். ஏ.எஃப்.டி. மில் சங்கு ஊதினால்தான் எங்க தெருவில் பொழுது விடியும். (அந்த மில்லையே 2020-ல் மூடிவிட்டார்கள்.) டேட்டாபேஸில் காலம் கழித்தவன் என்பதால், நான் எழுதிய ஒரு தப்பான வரியைப் பற்றிச் சொல்கிறேன்.

1996. ஓர் அலுவலகம், ஆரக்கிள் 7. உதவித்தொகைக்கு மனுப் போட்டவர்களில் அதிக மார்க் வாங்கிய பத்துப் பேரை எடுக்கச் சொன்னார்கள். ‘ரோநம் பத்துக்குள்’ என்று வேர் நிபந்தனையில் போட்டு, கடைசியில் மார்க் வாரியாக ஆர்டர் பை போட்டேன். பட்டியல் மேலிருந்து அழகாக இறங்கியது. யாருக்குச் சந்தேகம் வரும்? போர்டில் ஒட்டியாச்சு.

மறுநாள் ஒரு மில் தொழிலாளி மார்க் ஷீட்டோடு வந்தார். “சார், ஏழாவது பேரைவிட எம்பொண்ணு கூட வாங்கியிருக்கு. பேரைக் காணோமே?”

ரோநம் என்பது டேபிளில் இருக்கும் காலம் அல்ல. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, வரி வெளியே வர வர ஒட்டுகிற எண். முதலில் டோக்கன், பிறகுதான் வரிசைப்படுத்தல். ஆக நான் எடுத்தது முதலில் கைக்கு வந்த பத்துப் பேரை. அவர்களைத்தான் மார்க் வாரியாக நிறுத்தியிருந்தேன். ‘ரோநம் ஒன்றுக்கு மேல்’ என்று கேட்டால் ஒரு வரிகூட வராததும் இதனால்தான். ஒன்றாம் ஆளைத் திருப்பி அனுப்பினால், அடுத்தவருக்கும் ஒன்றாம் டோக்கன்தானே!

உள்ளே வரிசைப்படுத்தி வெளியே எண்ணுகிற வசதி 1999-ல் 8ஐ வந்த பிறகுதான் கிடைத்தது. அன்றைக்கு முழுப் பட்டியலையும் அச்சடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நாலு பேர் நீங்கினார்கள். நாலு வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் இனிப்புக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

ரோஐடி வேறு சங்கதி. அது வரி எந்த ஃபைலில், எந்த பிளாக்கில் இருக்கிறது என்கிற முகவரி. தேடுவதற்கு அதைவிட வேகம் கிடையாது. ஆனால் அதை இன்னொரு டேபிளில் எழுதி வைத்து நம்பாதீர்கள். டேபிளை எக்ஸ்போர்ட் செய்து திரும்ப ஏற்றினால் முகவரி மாறிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் சிடிஐடி இன்னும் மோசம், வரியைத் திருத்தினாலே மாறும்.

2013-ல் வந்த ஆரக்கிள் 12சி-யில் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ இருக்கிறது. தம்பிகளா, அதில் ‘வித் டைஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தாம் இடத்தில் ரெண்டு பேர் ஒரே மார்க் வாங்கியிருந்தால், ரெண்டு பேரும் வருவார்கள்.