விரிசலைப் பார்த்தால் போதுமா?

சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில், 1986 மார்ச் 15ஆம் தேதி, ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்டு ஒரு நிமிடத்திற்குள் சரிந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடாமல் விட்டிருந்தார்கள்! தூண்களில் விரிசல் முன்பே தெரிந்தது. பார்த்தவர்களும் இருந்தார்கள்.

1989இல் சட்டம் வந்தது: குடியிருப்புக் கட்டடங்களை 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றவற்றை 5 ஆண்டுக்கு ஒருமுறை பொறியாளர் பரிசோதிக்க வேண்டும்.

இடைப்பட்ட ஆண்டுகளில்? உணர்கருவிகள் அதிர்வையும் சாய்வையும் இரவு பகலாக அளக்கின்றன. ஒருவர் கருவி சொல்வது இன்னொருவருக்குப் புரியவேண்டுமே! எதை அளப்பது, தகவலை எப்படி ஒரே மாதிரி சேர்ப்பது என்று 2004இல் ஐஎஸ்ஓ 16587 வகுத்தது. எந்த அளவு வந்ததும் ஆட்களை வெளியேற்றுவது? அதைக் கட்டடத்துக்குக் கட்டடம் பொறியாளர்தான் முடிவு செய்கிறார்.