அஞ்சாமையும் அடக்கமும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

தெலுங்கும் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து ஒலிக்கும் இக் குடுபல்லியில், நம் பிள்ளைகள் சிலர் சீன நாட்டுச் 'சாண்டா' பயில விரும்புகின்றனர். பெற்றோர் பலர் தயங்குகின்றனர். பெண் மக்களைப் பெற்றோர் இன்னும் மிகுதியாகத் தயங்குகின்றனர். விரும்புவோரும் தயங்குவோரும் அக்கலையை உள்ளவாறு அறிதல் வேண்டும் என்பதே நம் உரையின் நோக்கம்.

வூஷு என்பது சீனப் போர்க்கலைகளின் பொதுப்பெயர். அதில் ஒரு பிரிவு, அடவுகளை ஆடிக் காட்டுவது. மற்றொன்று, எதிரே நிற்பவரோடு மெய்யாகவே பொரும் சாண்டா. 1928இல் நான்கிங் நகரில் நடந்த தேசியத் தேர்வில் மேடைப் போர்கள் இடம்பெற்றன. கடுமையான அப்போர்களில் காயமுற்றோர் பலர். பின்னர் 1979 முதல் சீன விளையாட்டுத் துறையினர் சோதனை முறையில் நடத்திப் பார்த்து, படிப்படியாக விதிகளை வகுத்தனர். 1991இல் பெய்ஜிங்கில் முதல் உலக வூஷுப் போட்டி நடைபெற்றது. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் சாண்டாவும் சேர்க்கப்பட்டது.

களம், 8 மீட்டர் சதுரமான உயர்ந்த மேடை. சுற்று ஒன்றுக்கு 2 நிமிடம். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவரே வெற்றியாளர். உடலிலோ தலையிலோ படும் கைக்குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2. தாம் நின்றபடியே எதிரியை வீழ்த்தினாலும் 2 புள்ளி. ஒரே சுற்றில் இருமுறை மேடையினின்று விழுந்தவர் அச்சுற்றை இழப்பார். பிடரியிலும் உயிர்நிலையிலும் அடித்தல் குற்றம். தலையால் முட்டுதலும் முழங்கையால் தாக்குதலும் குற்றம். எடைக்கு ஏற்ற எதிரியே நிறுத்தப்படுவார். தலைக்கவசம், மார்புக்கவசம், கையுறை, பற்காப்பு ஆகியன இன்றி மேடை ஏறுதல் இல்லை.

பயிற்சியில் முதற்பாடம் அடிப்பதன்று, விழுவது! மோவாயை மார்போடு ஒடுக்கி, மூச்சை வெளிவிட்டு, கையால் மெத்தையை அறைந்து விழப் பழகியவனுக்கே அடுத்த பாடம். பின்னர் ஓட்டம், கயிறு தாண்டுதல், உதைப் பயிற்சி, வரும் காலைப் பற்றி வீழ்த்தும் பிடி. இவை கைவந்த பிறகே இருவர் எதிர்நின்று பொருவது.

இதில் ஊறு இல்லை என்று நாம் உரைக்க மாட்டோம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மூளை அதிர்வை முற்றும் தடுக்காது. அடிபட்டுத் தலை சுற்றிய பிள்ளையை அன்றே களத்தினின்று நீக்கி மருத்துவரிடம் காட்டுகின்ற ஆசிரியரே நல்லாசிரியர். எடை குறைக்க நீர் அருந்தாமல் இருக்கச் சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பெண்களுக்கு இது ஆகுமா என்பீர்களாயின், நாட்டின் பெரும்புகழ் பெண்களாலேயே வந்தது என்க. மணிப்பூரைச் சேர்ந்த சந்தியாராணி தேவி 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 2017இல் கசான் நகரில் உலகத் தங்கம் வென்றவர் பூஜா காதியான். 2023இல் ஹாங்சோவில் வெள்ளி வென்ற ரோஷிபினா தேவி, கலவரத்தால் துயருற்றிருந்த தம் மணிப்பூர் மக்களுக்கே அதனை உரித்தாக்கினார்.

இனி ஒன்று. காஞ்சியினின்று சென்ற போதிதருமரே சீனர்க்குப் போர்க்கலை கற்பித்தார் என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதனைப் பரப்பியது. அவர் தென்னிந்தியர் என்னும் பழங்குறிப்பு உண்டு. ஆனால், அவரை உடற்பயிற்சி முறையோடு இணைக்கும் சீன நூல் 1624இல் தோன்றியது. அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்டது. உறுதியற்ற பெருமை நமக்கு வேண்டுவதில்லை. நம்மிடம் உறுதியான சான்றே உள்ளது.

புறநானூற்றில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட, மற்றொரு கால் அவன் பிடியைத் தடுத்து நின்ற நிலையைப் புலவர் கண்முன் நிறுத்துகிறார். அத்தோடு அமையவில்லை. மகன்மீது மனம் கொள்ளாத தந்தையாகிய தித்தன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இதனைக் காணட்டும் என்கிறார்!

பெற்றோரே, நம் வேண்டுகோளும் அதுவே. வேண்டாம் என்று சொல்லுமுன் ஒருநாள் பயிற்சிக் களத்துக்கு வாருங்கள். ஆசிரியர் எதை முதலில் கற்பிக்கிறார், அடிபட்டவனை எவ்வாறு நடத்துகிறார், தோற்றவன் வென்றவனை வணங்கி இறங்குகிறானா என்பவற்றை நேரில் பாருங்கள். பார்த்தபின் உங்கள் முடிவு எதுவாயினும் பிள்ளைகள் அதனை ஏற்பர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!